கட்டடக் காட்சிகளை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது எப்படி? மலைநாட்டு அனுபவங்களைப் பகிருங்கள்

ஈரக்கூரை (ஹட்டன்)

வணக்கம். ஹட்டனிலும் மஸ்கெலியாப் பக்கத்திலும் பத்து வருடங்களாக வீட்டு வரைபடங்களும் முப்பரிமாணக் காட்சிகளும் செய்து கொடுத்து வருகிறேன். இதுவரை நான் கொடுத்தவை எல்லாம் அசையாத படங்கள்தாம்: முன்பக்கம் ஒன்று, ஹோல் ஒன்று, குசினி ஒன்று, மாலை வெளிச்சத்தில் ஒன்று. எல்லோருக்கும் பிடித்திருந்தது, வட்ஸ்அப்பில் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்தார்கள்.

சென்ற வருடம் ஒரு வீடு கட்டி முடிந்து பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் என் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்று, "தம்பி, இந்தப் படத்தில் இருக்கிற மற்றப் பாதி எங்கே?" என்று கேட்டார். அறை 10க்கு 12 அடி. வரைபடத்தில் இருந்தபடி ஓர் அங்குலம் பிசகாமல் கட்டப்பட்டிருந்தது. ஆனால் நான் காட்சியை 18 மில்லிமீற்றர் வில்லையின் அகலத்தில் எடுத்திருந்தேன். சுவர்கள் பின்னுக்குப் போய், கட்டில் கால்பந்து மைதானத்தில் கிடப்பது போல் தெரிந்தது. பொய் எதுவும் சொல்லவில்லை என்று என்னால் வாதாட முடியும், அந்த அம்மாவிடம் வாதாட முடியவில்லை.

அன்றிலிருந்து வாடிக்கையாளர் தானே திரும்பிப் பார்க்கக்கூடிய, நடக்கக்கூடிய ஒரு முறைக்கு மாற நினைக்கிறேன். தலையில் மாட்டிக் காட்சிக்குள்ளேயே நிற்க வைக்கும் வீஆர் ஹெட்செட் வாங்குவதா, தொலைபேசியிலேயே 360 பாகைப் படம் போதுமா, வேறு வழி உண்டா? பல தேயிலைத் தோட்டங்களில் சிக்னல் ஒரு கோடுதான் வரும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சாய்தளம் (பண்டாரவளை)

நல்ல கேள்வி. எல்லாவற்றையும் முயன்று பார்த்துக் கைச்சூடு பட்டவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினி இருந்தால், கட்டடக் காட்சிக்குள் நடமாட விடும் ட்வின்மோஷன் மென்பொருளில் தொடங்குங்கள். 2024 முதல் வருட வருமானம் பத்து இலட்சம் டொலருக்குக் குறைந்தவர்களுக்கு அது இலவசம்; நம்மில் யாருக்கும் அந்த வரம்பு தடையாக இராது என்று நம்புகிறேன். வீட்டின் முப்பரிமாண மாதிரியை உள்ளே கொண்டுவந்து, வாடிக்கையாளரைப் பக்கத்தில் இருத்தி, மௌஸை அவரிடமே கொடுத்துவிடலாம். அதே வகை மென்பொருளான என்ஸ்கேப் வைத்திருப்பவர்கள் காட்சியைத் தனியே இயங்கும் ஒரு கோப்பாகவும் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அது விண்டோஸ் கணினியில்தான் ஓடும், அதுவும் கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில். தோட்டத்து வீட்டில் அப்படியொரு கணினியை நான் இன்னும் காணவில்லை.

ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது தொலைபேசி, தொலைபேசிக்கு ஏற்றது 360 பாகைப் படம். அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கும் ஒரே படத்தை, அதாவது 8192க்கு 4096 புள்ளிகள் கொண்டதை, ரெண்டர் செய்து, அதாவது மாதிரியிலிருந்து கணினியால் படமாக்கி எடுத்து, பனெலம் அல்லது மார்சிப்பானோ போன்ற இலவசக் கருவியில் போட்டால் விரலால் இழுத்துச் சுற்றிப் பார்க்கலாம். ஹோலிலிருந்து குசினிக்குப் போக ஓர் அம்புக்குறி வைக்கலாம். மார்சிப்பானோ படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, பார்க்கும் பக்கத்தை மட்டும் இறக்குவதால் மந்தமான இணைப்பிலும் தாங்கும்.

உங்கள் 18 மில்லிமீற்றர் தவறு இங்கேயும் பின்கதவால் நுழையும், கவனியுங்கள். பனெலம் தொடக்கத்தில் 100 பாகைப் பார்வைக் கோணத்தில் திறக்கும். அப்படியே விட்டால் 10 அடி அறை மறுபடியும் மண்டபமாகிவிடும். நான் 70க்கு இறக்கி, விரல்களைக் குவித்துப் பார்வையை அகலமாக்கும் வசதிக்கும் எல்லை போட்டிருக்கிறேன்.

இன்னொரு விடயம் வெயில். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். மாதிரி வரைய நான் பயன்படுத்திய ஸ்கெட்ச்அப் மென்பொருளின் பதிப்பில் இடத்தைக் குறிக்காமல் விட்டால், நிழல் கணக்குக்கு அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள போல்டர் நகரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த ஊர் 40 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே நண்பகல் வெயில் வருடம் முழுவதும் தெற்கிலிருந்துதான் வரும். நான் இடத்தை மாற்றாமலே இழுத்து நேரத்தை மாற்றும் சறுக்கியை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, வடக்கு அறை எப்போதும் குளிர்ச்சி என்று காட்டி, அவரும் ஆசையாகப் பெரிய சன்னல் வைத்தார். நாமோ 7 பாகையில் இருக்கிறோம். ஜூனில் சூரியன் நாள் முழுவதும் வடக்குப் பக்கத்தில்தான் போகும். உச்சிப் பொழுதில் இறவாரம் காப்பாற்றிவிடும், காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலுக்கு அது போதாது. பண்டாரவளையில் அந்த மாதங்கள் மழை குறைந்த மாதங்கள் வேறு. இப்போது அந்த அறையில் தடித்த திரை தொங்குகிறது. வாடிக்கையாளர் தானே நேரத்தை மாற்றிப் பார்த்ததால் அசையாத படத்தைக் காட்டிலும் அதை அதிகமாக நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒன்பதாம் வளைவு (தெமோதரை)

சாய்தளம் சொன்ன கடைசி வரியை வழிமொழிகிறேன். நான் எல்லப் பக்கத்தில் விருந்தினர் விடுதிகளுக்குக் காட்சிகள் செய்பவன். என் வாடிக்கையாளர் வீட்டுக்காரர் அல்லர், முதலீட்டாளர். அவருக்கு வேண்டியது பல்கனியில் நிற்கும் வெளிநாட்டுக்காரர் வாயைப் பிளக்கும் காட்சி. அதற்காக நீல வானம் போட்டு, எல்லப் பாறையைக் கத்தியால் வெட்டியது போல் துலக்கமாக்கி, ஹெட்செட்டில் காட்டினேன். வேலை உடனே கிடைத்தது. கட்டி முடிந்த பிறகு ஐப்பசி கார்த்திகையில் வந்து நின்று பார்த்தார். பாறை இருந்த திசையில் வெள்ளைச் சேலை காயப்போட்டது போல் மூடுபனி. என்னைத் திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்; ஆனால் அடுத்த விடுதிக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு வானிலையையும் ஒரு தெரிவாக வைக்கிறேன். தெளிந்த காலை, மூடுபனி, அடை மழை என மூன்று பொத்தான்கள். மழைப் பொத்தானை அழுத்தியதும் ஒருவர், "அப்படியானால் சாப்பாட்டு மேசையை உள்ளே தள்ள வேண்டும்" என்றார். ஒரு வாரம் பேசியும் வராத முடிவு அது.

ஹெட்செட் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. போடுகிறவர் "ஆஹா" என்கிறார், கழற்றியதும் அந்த வியப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார். அவர் உள்ளே இருக்கும் நேரத்தில் மனைவியும் பிள்ளைகளும் வெளியே நின்று அவர் கை வீசுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வீடு என்பது நாலு பேர் சேர்ந்து எடுக்கும் முடிவு. ஒருவர் தலைக்குள் மட்டும் ஓடும் படத்தை வைத்து அதை எப்படி எடுப்பது?

கறுப்புப்பலகை (தலவாக்கலை)

நான் வரைஞர் இல்லை. பாடசாலை ஆசிரியை, இப்போதுதான் வீடு கட்டி முடித்தேன். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன், ஒன்பதாம் வளைவு அவர்களோடு ஓர் இடத்தில் முரண்படவும் வேண்டியிருக்கிறது.

எங்கள் வரைஞர் முதலில் தொலைபேசிக்கு 360 பாகைப் படம் அனுப்பினார். கொழும்பில் இருக்கும் தம்பியும் கட்டாரில் இருக்கும் கணவரும் பார்த்து, இது நல்லது, அது நல்லது என்று குரல் செய்தி அனுப்பினார்கள். அம்மாவிடம் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அம்மா ஐம்பது வருடம் லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் சிறிய அறையில், சமைத்தவர். குசினி அவருக்குத்தான்.

பிறகொரு நாள் வரைஞர் ஹெட்செட்டை வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, முதலில் ஒன்றும் செய்யாமல் சுற்றிப் பார்க்கச் சொன்னார். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஓரடி வைத்து, குனிந்து, அடுப்புத் தட்டின் மேல் கை வைக்கப் போனார். கை காற்றில் நின்றது. அங்கேயே சட்டியைக் கிளறுவது போல் இரண்டு தரம் கையைச் சுழற்றிவிட்டு, "சட்டி வெச்சா இது எனக்கு நெஞ்சளவு வருதே. தோள் வலிக்கும்" என்றார். தட்டு 34 அங்குலம். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். வரைஞர் அளவு நாடாவை எடுத்து, அம்மா கை சுழற்றிய உயரத்தை அளந்து, 31 என்று எழுதிக்கொண்டார். இன்று அந்தத் தட்டு 31 அங்குலத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் "ஆஹா" சொல்ல யாரும் ஹெட்செட் போடவில்லை. உடம்பால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்விக்காக, அந்தப் பதிலை வைத்திருந்த ஒரே ஆளுக்குப் போட்டோம். தம்பி போட்டிருந்தால் தட்டு 34லேயே இருந்திருக்கும்.

சாய்தளம் (பண்டாரவளை)

டீச்சர், உங்கள் பதிவு எனக்குப் பாடம். இதில் ஒளிந்திருக்கும் தொழில்நுட்பக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரைகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. 360 பாகைப் படத்தில் கண்ணின் உயரம் ரெண்டர் செய்யும்போதே உறைந்துவிடும். நாங்கள் வழக்கமாக வைப்பது 5 அடி 6 அங்குலம். உங்கள் அம்மாவின் கண் சுமார் 4 அடி 6 அங்குலத்தில் இருக்கும். ஆகவே தொலைபேசியில் அவர் பார்த்தது தன்னைவிட ஓரடி உயர்ந்த ஒருவரின் குசினியை. தட்டு அதில் தாழ்வாகத்தான் தெரியும். ஹெட்செட் தலையின் உண்மையான உயரத்தைத் தொடர்வதால்தான் அந்தத் தவறு வெளியே வந்தது. அதற்கும் தரை மட்டம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நாலங்குலம் பிசகினால் எல்லா உயரமும் நாலங்குலம் பிசகிவிடும். நான் தொடங்குமுன் உண்மையான மேசை ஒன்றை அளந்து, அதே உயரத்தில் மாதிரியிலும் ஒரு மேசை வைத்து, கை தொடுகிறதா என்று பார்ப்பேன்.

உள்ளே நடக்க வைக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும் அசைவைக் கொடுக்காதீர்கள். உடம்பு நிற்க, கண் மட்டும் நகர்ந்தால் தலை சுற்றும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுவதுதான் நல்லது.

மண்வெட்டி (வெலிமடை)

எல்லோரும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மலைநாட்டில் காசு கரைவது வீட்டுக்கு வெளியே, மண்ணில். கட்டடப் பொறியியலாளனாகச் சொல்கிறேன்: என் வாடிக்கையாளருக்கு விளங்காமல் போவது சோபாவின் நிறம் அல்ல, சரிவு. தளப்படத்தில் நிலம் தட்டையாகத்தானே இருக்கிறது. பின்பக்கம் ஒன்பதடி வெட்ட வேண்டும், அதற்குத் தாங்குசுவர் வேண்டும், சுவருக்குப் பின்னால் நீர் வடியக் குழாய் வேண்டும் என்றால், கொந்தராத்துக்காரரோடு சேர்ந்து செலவைக் கூட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

நான் காட்டுவது ஒரேயொரு அசைவுதான். வீடும் மலையும் சேர்ந்த மாதிரியை மேசையில் திறந்து, ஒரு வெட்டுத் தளத்தை வைத்து, அதை இழுக்கும் சறுக்கியை அவரிடம் கொடுக்கிறேன். இழுக்க இழுக்கப் பணியாரத்தை வெட்டியது போல் மலை திறக்கும்: மேல் மண், அதற்குக் கீழே குறுகிய அத்திவாரம், பின்னால் செங்குத்தாக நிற்கும் வெட்டு. ஒருவர் முன்னும் பின்னும் நாலைந்து தடவை இழுத்துவிட்டு, வீட்டையே ஆறடி முன்னுக்குத் தள்ளினால் எவ்வளவு வெட்டு குறையும் என்று கேட்டார். நான் சொல்ல நினைத்திருந்ததை அவரே கேட்டார். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் காரியம் நகராது. அதில் வரும் நிபந்தனைகளையும் இந்த வெட்டிலேயே நிறமிட்டுக் காட்டினால் கடுதாசியைவிடச் சீக்கிரம் விளங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. விண்வெளி ஓடத்தின் ராடாரால் 2000ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கட்டம் 30 மீற்றர், அதாவது அவ்வளவு அகலமான சதுரத்துக்கு ஓர் உயரம்தான். எதிர்மலை எங்கே நிற்கிறது, காலை வெயில் எத்தனை மணிக்கு அந்த மலையைத் தாண்டி வரும் என்று பார்க்க அது போதும். மென்பொருள் ஆறு மணிக்கே வெயிலைக் கொண்டுவந்தாலும் பள்ளத்தாக்கில் எட்டு மணி ஆகலாம் அல்லவா? ஆனால் காணியின் சரிவைக் காட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். தோட்டத்தில் பலருக்குக் கொடுத்த 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 177 சதுர மீற்றர், பக்கத்துக்கு 13 மீற்றர்கூட முழுதாக வராத சதுரம் என்று வையுங்கள்; அந்த முழுக் காணியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். நில அளவையாளர் அளந்த உயர மட்டங்களை வாங்கி மாதிரி செய்யுங்கள்.

ஈரக்கூரை (ஹட்டன்)

எல்லோருக்கும் நன்றி. 177 சதுர மீற்றருக்குப் பக்கம் 13.3 வருகிறது, ஐயா, 13ஐத் தாண்டுகிறது. சண்டைக்கு வரவில்லை, கணக்கைத்தான் சொன்னேன்.

இரண்டு கேள்விகள். தொலைபேசிக் கமராவால் காணியைப் பார்த்து, அதன் மேல் வீட்டை நிறுத்திக் காட்டும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா? மற்றது, இணைப்பே இல்லாத இடத்தில் 360 பாகைப் படத்தை எப்படிக் காட்டுவது? கோப்புறையோடு கணினியில் போட்டுத் திறந்தேன், குரோமில் படம் வரவேயில்லை.

மண்வெட்டி (வெலிமடை)

கணக்கில் மண் விழுந்ததற்கு மன்னிக்கவும். 13.3தான் சரி.

சாய்தளம் (பண்டாரவளை)

இரண்டாவது கேள்வி சுலபம். உலாவி பாதுகாப்புக்காக, கணினியிலிருந்தே திறக்கும் பக்கத்தைப் பக்கத்திலுள்ள படக்கோப்பை எடுக்க விடாது. மடிக்கணினியில் ஒரு சிறிய வெப் சேர்வரை, அதாவது பக்கங்களை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் நிரலை, ஓடவிட்டு, உங்கள் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியையும் வாடிக்கையாளர் தொலைபேசியையும் சேர்த்துக்கொண்டால், ஒரு மெகாபைட் டேட்டாகூடச் செலவாகாமல் அவர் கையிலேயே பார்ப்பார். வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள்.

காணியில் வீட்டை நிறுத்துவது அழகான யோசனைதான், நம்முடைய நிலம் அதற்கு ஒத்துழைப்பதில்லை. தொலைபேசி தட்டையான பரப்பைத் தேடும்; தேயிலைச் செடிக்கும் மானாப் புல்லுக்கும் நடுவில் அது எதைப் பிடிக்கும்? ஜீபிஎஸ் நாலைந்து மீற்றர் பிசகினாலே 13 மீற்றர் காணியில் வீடு அடுத்தவர் வேலிக்குள் போய் நிற்கும், அதைக் கண்டவர் சும்மா இருப்பாரா? ஆனால் அதே மாதிரியைத் தொலைபேசிக் கமரா வழியாகச் சாப்பாட்டு மேசையில் சிறிதாக நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி வந்து கூரையை எட்டிப் பார்ப்பார்கள், பெரியவர்களும் கூடவே வருவார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே வீட்டைப் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

பழைய சுருள் (கண்டி)

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களின் இறுதியில் வட்டப்புளுவையில் வீடமைப்புத் திட்டம் ஒன்றைச் செய்தபோது, குடியிருக்கப் போகிறவர்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகே வீடுகளை வகைப்படுத்தினார். கணினி இல்லை, ஹெட்செட் இல்லை. நீங்கள் இன்று பொத்தானும் சறுக்கியும் வைத்துச் செய்யப் பார்க்கிற வேலையில் முக்காற்பங்கு அந்தத் தாளில் இருந்தது. எனவே முதலில் கேள்விகளை எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் படம் வேண்டும் என்பது பிறகு தானாகத் தெரியும். சாமித்தட்டு எந்தத் திசை, ஈர விறகை எங்கே வைப்பது, திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்து படுப்பார்கள் என்பதற்கெல்லாம் படம் தேவையில்லை.

அறையின் அளவு விளங்க வேண்டுமானால் நாலு முளையும் ஒரு கயிறும் போதும். கயிற்றுக்குள் ஒரு பாயை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

தெரிவுகளைப் பற்றியும் ஒரு சொல். தரைக்கு இருபது ஓடு, சுவருக்கு நாற்பது நிறம் என்று கணினியில் அடுக்கினால் அவர் களைத்துப்போய் முதலாவதைத் தொட்டுவிடுவார். கடையில் கிடைக்கும் மூன்றை மட்டும் வையுங்கள், ஓட்டின் ஒரு துண்டைக் கையிலும் கொடுங்கள். ஒரு தொலைபேசியில் சந்தனமாகத் தெரிகிற நிறம் இன்னொன்றில் மஞ்சளாகத் தெரியும். அவர் தெரிந்தெடுத்ததை அன்றைக்கே அச்செடுத்துத் திகதியோடு கையெழுத்து வாங்கி வைப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

ஈரக்கூரை (ஹட்டன்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கொட்டகலைப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நீங்கள் சொன்னவற்றில் சிலவற்றைச் செய்து பார்த்தேன். ஹெட்செட் வாங்கவில்லை, கையில் காசு இல்லை என்பதுதான் உண்மையான காரணம்.

முதலில் கேள்வித்தாள். பிறகு காணியில் முளையடித்துக் கயிறு கட்டினேன். தகப்பனார் ஹோலின் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து, சிறிது என்றார், பிறகு போதும் என்றார். 360 பாகைப் படங்களை இரண்டு கண் உயரத்தில் எடுத்திருந்தேன், மகனுக்கு 5 அடி 6, பாட்டிக்கு 4 அடி 6, பார்வைக் கோணம் 70. இடத்தை ஹட்டன் என்று குறித்தேனா என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஹொட்ஸ்பொட் வழியாகப் பேரனின் தொலைபேசியில் திறந்து பாட்டியின் கையில் கொடுத்தோம். அவர் ஹோலைப் பார்க்கவில்லை. நேராகக் குசினி அம்புக்குறியைத் தொட்டு, சன்னல் பக்கம் திருப்பி, தொலைபேசியை மேலும் கீழும் ஆட்டினார். என்ன தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "றோட்டு எங்கே?" என்றார். வெளியே நான் வானத்தைத்தான் போட்டிருந்தேன், சரிவையும் பாதையையும் போடவில்லை.

அன்றிரவே நில அளவையாளரின் மட்டங்களை வைத்துப் பாதையைச் சேர்த்து, காணியில் எடுத்த ஒளிப்படத்தைப் பின்னால் ஒட்டி மறுபடியும் அனுப்பினேன். 5 அடி 6 அங்குலத்திலிருந்து பாதை தெரிந்தது. 4 அடி 6 அங்குலத்திலிருந்து சன்னல் அடிக்கட்டுக்கு மேல் எதிர்மலைத் தேயிலைதான் தெரிந்தது. அடிக்கட்டு 3 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 3 அடிக்கு இறக்கினேன். இப்போது பஸ் நிற்கிற வளைவு தெரிகிறது. வேறெந்த மாற்றமும் வேண்டாம் என்று பேரன் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான், அதன் பின்னணியில் பாட்டி ஏதோ சொல்வதும் கேட்கிறது. என்ன சொல்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை போகும்போது கேட்க வேண்டும்.